யானை வைத்த டொக்கு

யானை மிதித்து விழுந்த டொக்குக்கு விலை ஒரு லட்சம். டொக்கைச் சுற்றியிருந்த வண்டிக்கு இரண்டு லட்சம்.

பேரத்தை முடித்தவன் நான். கூடலூர் பஜாரில் துணி, பாத்திரம், பழைய வண்டி என்று கைக்கு வந்ததையெல்லாம் விற்ற குடும்பம் எங்களுடையது. ஆனால் யானையை விற்ற முதல் ஆள் நான்தான்.

வாங்குபவர் பெங்களூரிலிருந்து வந்து இங்கே ரிசார்ட் கட்டியவர். பழைய எஸ்டேட் பிக்கப் ஒன்றை வாசலில் நிறுத்தி, வரும் விருந்தாளிகளுக்குக் கதை சொல்ல வேண்டும் அவருக்கு. துரு போக வேண்டும், பெயின்ட் மின்ன வேண்டும், பின்பக்கம் இடது பாடியில் யானை வைத்த கால் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். டொக்கை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்குப் பணத்தோடு வருகிறார்.

அவர் வர அரை மணி நேரம் இருக்கும்போது, தேவர்சோலை டிங்கர் பட்டறையில் காளிமுத்து தார்ப்பாயை உருவினான்.

பாசிப்பச்சை. கண்ணாடி மாதிரி. என் மூஞ்சி தெரிந்தது.

டொக்கு இருந்த இடத்திலும் என் மூஞ்சிதான் தெரிந்தது.

"எடுத்துட்டனுங்க பாய். அதுக்குக் காசு வேண்டாம். டொக்கோட ஒரு வண்டி எம்பட்டறைய உட்டு வெளிய போனா, நாலு பேரு என்னையத்தான கேப்பாங்க?"

அதைத் தொடாதே என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்று முறையும் கூலியைக் குறைக்கத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். என் பிழைப்பு அப்படி.

வண்டியின் சொந்தக்காரர் செல்லதுரை அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சேரம்பாடி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாயிற்று. கட்டிய வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. மழை வயநாட்டுப் பக்கம் வந்துவிட்டது. மூன்று லட்சம் வந்தால்தான் கூரை.

கூரை போனால்கூடப் பரவாயில்லை. சர்ச்சில் ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் அவர் எழுந்து நின்று அந்த யானையைப் பற்றிச் சாட்சி சொல்கிறவர். இருட்டு, மழை, நடு ரோட்டில் யானை. அது பிக்கப்பின் மேல் கால் வைக்கிறது. இவர் இறங்கி முன்னால் நின்று ஜெபம் பண்ணுகிறார். அது திரும்பிப் போகிறது. அதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்த டொக்கு.

முதல் வருஷம் அது பெண் யானை. பிறகு தந்தம் முளைத்தது. போன வருஷம் மதமும் பிடித்திருந்தது.

அப்போது அது எஸ்டேட் வண்டி. யானை மிதித்தது என்று எஸ்டேட் மேனேஜருக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவரும் இவரே. பிறகு எஸ்டேட் ஏலம் விட்டபோது, டொக்கோடு இவரே எடுத்துக்கொண்டார். யானை வந்த அன்று கூட இருந்தது அவர் மனைவி தபித்தாள் டீச்சர் மட்டும். டீச்சர் இதுவரை அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அடக்கம் என்று நினைத்திருந்தோம்.

டொக்கைத் திரும்பப் போட முடியுமா என்று காளிமுத்து ஒரு பழைய தகட்டில் அடித்துப் பார்த்தான். சுத்தியலால் அடித்தால் சுத்தியல் மாதிரிதான் விழுந்தது. செல்லதுரை எழுந்து வந்து பாடியில் ஓர் உதை விட்டார். பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி டயரில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார்," என்றான் காளிமுத்து, "சொரண்டறப்ப டொக்குக்குள்ள சுண்ணாம்பு இருந்துச்சு. யானை சுண்ணாம்பு பூசிக்குமுங்களா?"

"காட்டு யானைப்பா. அது என்னத்த வேணா பூசிக்கும்."

அந்த நேரத்தில்தான் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் உள்ளே வந்தார். பச்சைப் பாடியைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். புருஷன் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

டீச்சர் குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். அவர் வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

"காளிமுத்து, அந்தக் கேட் தூணுல கொழுந்துச் சாக்கு ரெண்ட மடிச்சுக் கட்டு," என்றார். "போன தடவ பெயின்ட் உரிஞ்சு போச்சு."

காளிமுத்து சாக்கைக் கட்டினான். செல்லதுரை எதிரே இருந்த சில்வர் ஓக் மரத்தை உச்சி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிவர்ஸ் கியர். கண்ணாடியைப் பார்க்கக்கூட இல்லை.

டொம்.

என் போனிலிருந்த பழைய போட்டோவை வைத்துப் பார்த்தேன். அதே இடம். அதே ஆழம். ஓரத்து மடிப்புகூட அதே மடிப்பு.

ரிசார்ட்காரர் வந்தார். டொக்கில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். நல்ல பெரிய யானையாக இருந்திருக்குமே என்று டீச்சரிடம் கேட்டார்.

"பெரிசெல்லாம் இல்லீங்க," என்றார் டீச்சர். "சின்னதுதான். அப்பத்தான் பழகிட்டு இருந்துச்சு."

பணம் எண்ணியாயிற்று. வண்டி போயிற்று. டீச்சர் என்னிடம் கையை நீட்டினார். குடைக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார்.

"வண்டிக்காசு அவருக்கு, டொக்குக்காசு எனக்கு. அவங்கவங்க சம்பாதிச்சத அவங்கவங்க கையால கூரைக்குப் போட்டுக்கறோம்."

செல்லதுரை மறுபடி சில்வர் ஓக்கை அண்ணாந்து பார்த்தார். மரத்தில் இன்னும் ஏதோ பாக்கி இருந்தது அவருக்கு.

வண்டி வகையில் இரண்டு லட்சம், செல்லதுரைக்கு. டொக்கு வகையில் ஒரு லட்சம், தபித்தாள் டீச்சருக்கு. யானைக்கு ஒன்றுமில்லை. வேலை செய்யாதவர்களுக்குப் பங்கு போடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.