உப்புத்தண்ணீர் எலி

அநியாயம் நடந்தது அக்காவுக்கு. ஆய்வுக்கூடத்தில் எனக்கு சீனியர். அவளுடைய மூன்று மாத உழைப்பை ஒரு ரேடியோ தின்றுவிட்டது.

அவள் சோதனையில், செயற்கைக் கஞ்சா ஊசி போட்ட சுண்டெலி மரக்கட்டையாகக் கிடக்கும். ஊக்கமருந்து போட்டது பேய் பிடித்த மாதிரி ஓடும். வெறும் உப்புத்தண்ணீர் போட்டது சாதாரணமாக நடக்கும். அந்த நடையோடு ஒப்பிட்டுத்தான் மற்ற இரண்டையும் அளக்க வேண்டும்.

அக்காவின் உப்புத்தண்ணீர் எலிகளும் பேயாக ஓடித் தொலைத்தன!

"அறையில சத்தம் இருந்திருக்கு. எலி மிரண்டிருக்கு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்" என்றார் பேராசிரியர்.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தலையைக் குனிந்தார். "நான்தான் சார். ரேடியோ வச்சிருந்தேன்."

அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். அக்கா அழுதாள். நான் விடுவேனா? அவரை வேலையைவிட்டே தூக்கச் சொல்லி இரண்டு பக்கப் புகார் எழுதினேன்.

மறுசோதனை தொடங்கிய வியாழக்கிழமை, சோதனை அறையில் அதை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். பக்கத்தில் பெட்டிக்குள் ஓர் எலி. அது நடந்த தூரம் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஒருத்தி படிப்போட விளையாடியிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"மெதுவாம்மா..."

"என்ன மெதுவா? வியாழக்கிழமை எனக்கு வகுப்பில்லைன்னு வாராவாரம் இங்க வந்து, கூண்டு சின்னது, எலிக்கும் உரிமை இருக்குன்னு தொண்டை கிழியக் கத்தினேனே! அப்பல்லாம் ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி நின்னுட்டு, நான் போனதும் பாட்டா?"

"பாட்டெல்லாம் இல்லம்மா."

"அப்ப செய்தியா? எடுங்க அந்த ரேடியோவை!"

மேசையை ஓங்கித் தட்டினேன். அலமாரியை நானே திறந்தேன். கையுறைகள், மரத்தூள் மூட்டை. இழுப்பறையில் சோப்பு.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் திரையைக் காட்டினார். நான் நுழைந்தபோது மூன்று மீட்டர். இப்போது முப்பது. எலி பெட்டிக்குள் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

"இதுக்கு ஊக்கமருந்தா?" என் குரல் தானாக இறங்கியது.

"உப்புத்தண்ணி. வியாழக்கிழமைன்னா எப்பவும் இந்த எலிங்க முறைதானேம்மா."

புகாரை மெல்ல மடித்தேன்.

"அப்ப... ரேடியோ?"

"என்கிட்ட ரேடியோவே கிடையாதும்மா" என்றார், எலிக்குக் கேட்காத குரலில். "படிக்கிற பொண்ணு பேரைச் சொல்ல மனசு வரல."