மாடியில் முதல் லுஹர்

நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். கீழே அத்தனை ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

மரத்தடுப்பின் இடுக்கு வழியாக எனக்கு நன்றாகவே தெரிந்தது. தொழுகை நடத்தும் இமாம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக வெள்ளைத் தொப்பிகளும் உட்கார்ந்திருக்கின்றன.

லுஹர், நண்பகல் தொழுகை. நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட வணங்குவது ஒரு ரக்அத். அப்படி நான்கு ரக்அத் தொழ வேண்டும். முடிந்தது மூன்றுதான். நான்காவதுக்கு எழாமல் இமாம் கணக்கைத் தவறவிட்டுவிட்டார்!

அட அல்லாஹ்வே, இதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

இந்தப் பள்ளிவாசலைக் கட்டியதிலிருந்து பெண்கள் உள்ளே வந்து தொழுகிற முதல் தொழுகை இது. நடையாய் நடந்து, கெஞ்சி, மல்லுக்கட்டி, பழைய பாய்களும் ஓடாத மின்விசிறிகளும் அடைந்து கிடந்த இந்த மாடி அறையை வாங்கினோம். நாங்களே கழுவினோம், நாங்களே வெள்ளையடித்தோம். எங்களில் நர்ஸாக இருப்பவள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தையல்காரி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். கணக்கு டீச்சர் அரை நாள் லீவு. எனக்கோ காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

மல்லுக்கட்டியது யாரோடு என்கிறீர்களா? பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தின் தலைவரோடு. அவர் வேறு யாருமில்லை, என் மாமனார்தான்.

ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மேலேயிருந்து சின்னச் சத்தம்கூடக் கீழே வரக்கூடாது. வந்தால் அன்றோடு கதவுக்குப் பூட்டு. சத்தம் போட்டது யார் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளையும் எங்களோடு அனுப்பிவைத்தார்.

அந்த ஆள் என் மாமியார். வீட்டில் தொழுதால் ஆகாதா, தலைவர் வீட்டு மருமகளுக்கு இது தேவையா என்று என்னை வறுத்தெடுத்தவர். வரிசையின் கடைசியில் கதவை ஒட்டி நின்றிருந்தார்.

தொழுகைக்குள் பேச முடியாது. இமாம் தவறினால் ஆண்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று குரல் கொடுக்கலாம். பெண்கள் கையைத் தட்டினால் போதும். மார்க்கம் காட்டிய வழி அது, நாங்களாகக் கண்டுபிடித்தது இல்லை.

கீழே ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! ஊஹூம். கணக்குத் தப்பியது தனக்குத்தானோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம் போல. முதல் வரிசையில் மாமனாரும் கம்மென்று உட்கார்ந்திருந்தார்.

தட்டட்டுமா?

தட்டினால் கதவுக்குப் பூட்டு. தட்டாவிட்டால் இத்தனை பேர் தொழுகையும் அரைகுறை. கட்டிய கை கட்டியபடியே இருந்தது. கோழை, கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கணக்கு டீச்சரே சும்மா நிற்கிறாள், எனக்கென்ன வந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதோ, இமாம் ஸலாம் கொடுத்து முடிக்கப் போகிறார்.

பட்!

ஒரே தட்டு. மாடி முழுக்க எதிரொலித்துக் கீழே இறங்கியது.

இமாம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லி எழுந்தார். அவருக்குப் பின்னால் தலைவர், கமிட்டிக்காரர்கள், வெள்ளைத் தொப்பிகள் அத்தனையும் சடசடவென்று எழுந்தன. ஒரு பெண் கையைத் தட்டியதற்கு ஒரு பள்ளிவாசலே எழுந்து நின்றது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சிரித்தால் தொழுகை போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நான்காவதும் முடிந்தது. மறதிக்காக நெற்றியைத் தரையில் வைத்துச் செய்யும் ஸஜ்தாவும் முடிந்தது. ஸலாம் கொடுத்த அடுத்த நொடி நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். நீயா? நீயா? நர்ஸ் இல்லையென்று தலையாட்டினாள். தையல்காரியும் இல்லையென்றாள். டீச்சர் என்னைக் கைகாட்டினாள். சத்தியமாக நானில்லை.

படிக்கட்டில் திடுதிடுவென்று காலடிச் சத்தம். மாமனார் கையில் பூட்டோடு வந்து வாசலில் நின்றார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மாமியாரைக் கேட்டார்.

"சத்தம் போட்டது யாரு? சொல்லு."

போச்சு, எல்லாம் போச்சு. இத்தனை நாள் கோபத்துக்கு மாமி என்னைத்தான் காட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நாந்தாங்க. இமாம் தப்பினா பொம்பளைங்க கையைத் தட்டணும்னு சின்னப் பிள்ளையில ஓதிக் குடுத்தாங்க. தட்டுறதுக்கு எனக்கு இன்னிக்குத்தான் ஒரு இடம் கிடைச்சுது."

மாமனார் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.