சாவிச் சத்தம்

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பெற்ற பிள்ளை நடந்துகொண்டிருந்தான்.

எதையும் பிடிக்காமல், கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, உருளுகிற பிளாஸ்டிக் டம்ளரைத் துரத்தி நடந்தான். சுவர்வரை போய் அழகாகத் திரும்பவும் செய்தான். இன்று நேற்று நடக்கத் தொடங்கியவனின் நடை இல்லை அது.

தையல் கம்பெனியின் குழந்தைகள் அறை அது. மெஷினில் ஊசி உடைந்துபோக, மெக்கானிக் வருவதற்குள் பிள்ளையைப் பார்த்துவிடலாமென்று வழக்கமில்லாத நேரத்தில் வந்திருந்தாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆனால் அது உட்காருவதற்குள் கோபம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. கம்பெனியில் அவளுக்குப் பட்டாசு என்றுதான் பெயர். மனதில் ஒன்று நாக்கில் ஒன்று வைத்துப் பேச அவளுக்கு வராது. தப்பித்தவறி ஒரு பொய் சொன்னாலும் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

"எத்தனை நாளா ஆயா இவன் நடக்கறான்?"

மடியில் கைக்குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த ஆயா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

உதட்டில் விரலா! பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் இவளல்லவா? சாயங்காலமானால் நாத்தனார் வந்துவிடுவாள். வேலை முடிந்து போகிற வழியில், குறை சொல்வதற்கென்றே ஒரு எட்டு. அவள் பெண் இந்த வயதில் தெருவையே அளந்தாளாம். வீட்டுக்காரரும் பாவம், முயற்சி செய்யாமல் இல்லை. வேன் ஓட்டிவிட்டு வந்ததும் வராததுமாகச் சாவிக்கொத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஆட்டி, "வாடா, வந்து வாங்கிக்கோ" என்று கூப்பிடுவார். கட்டிலைப் பிடித்து நிற்கிற பிள்ளை, அதைக் கண்டதும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான்.

நாத்தனார் உச்சுக் கொட்டுவாள். "கால்ல வலுவே இல்ல. பெத்தவ மெஷினே கதின்னு கிடந்தா பிள்ளை எப்படித் தேறும்?"

அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை ராத்திரி சோறு இறங்காமல் எழுந்திருக்கிறாள்! இங்கே என்னடாவென்றால் ஐயா ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறார். அவன் வைத்த முதல் அடியை யார் யாரோ பார்த்திருக்கிறார்கள், பெற்றவளைத் தவிர. ஒரு வார்த்தை சொல்லக்கூட இந்தப் பொம்பளைக்கு வாய் வரவில்லையே!

அப்போதுதான் கவனித்தாள். அவன் மட்டுமில்லை. ஜன்னலோரம் ஒரு பெண்குழந்தை பொம்மையை இழுத்துக்கொண்டு நடந்தது. இன்னொருத்தன் ஓடவே செய்தான்.

நன்றாகக் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

வெளியே, நடைபாதையில், சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டது.

அவள் பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தான். பெண்குழந்தை பொம்மையை விட்டுவிட்டு உட்கார்ந்தது. ஓடியவன் குப்புறவே படுத்துக்கொண்டான். யாரும் அதட்டவில்லை, யாரும் அழவுமில்லை. அறையில் நிற்கிற பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை.

ஆயா கிசுகிசுத்தாள்.

"புது சூப்பர்வைசர். நடக்கற பிள்ளைங்களுக்கு இங்க இடம் இல்லையாம், மெஷின் பக்கம் போயிடுமாம். போன வாரம் ஒரு பிள்ளையை அனுப்பிட்டாரு. பார்த்துக்க ஆளில்லாம அதோட அம்மா வேலையையே விட்டுட்டா. உன்கிட்ட சொன்னா நீ நேரா போய்ச் சண்டை போடுவியேம்மா."

போடத்தான் வேண்டும். கதவுக்கு ஒரு தடுப்பு வைக்கத் துப்பில்லை, பிள்ளைகளின் காலைக் கட்டுகிறார்களா? பேச்சுகூட வராத வயதில் இவர்களுக்கு இவ்வளவு பயமா? கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது.

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். சாவிக்கொத்து இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அவள் பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். உள்ளங்கால் இரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. தவழ்கிற பிள்ளைக்கு அங்கே எப்படி அழுக்கு வரும்?

அவள் சட்டென்று உட்கார்ந்து அவனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பாதங்களையும் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"உன் பையனா? நடக்க ஆரம்பிச்சுட்டானா?"

ஆயா கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்டாசு நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்க சார்! கால்ல வலுவே இல்ல."

முகம் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவர் திரும்பி நடந்தார். சாவிச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைகிறவரை அவள் கைக்குள் அந்தப் பாதங்கள் அசையவே இல்லை. மறைந்ததும் உதைத்துக்கொண்டு இறங்கி, டம்ளரைத் தேடி நடந்தான். அவன் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் வாசலில் வேன் வந்து நின்றது. நாத்தனார் என்ன ஏதென்று கேட்பதற்குள் ஓடிப்போய், வீட்டுக்காரர் படியேறுமுன் சாவிக்கொத்தைப் பிடுங்கி, ஒரு துண்டில் வைத்து இறுக்கிச் சுற்றினாள்.

உள்ளே, கட்டிலைப் பிடித்து நின்றவன் அப்பாவைப் பார்த்தான். உட்காரவில்லை.