பிடிபடாதவன்

“சடுகுடு சடுகுடு” என்று பாடிக்கொண்டே இருளப்பன் நடுக்கோட்டைத் தாண்டினான்.

கடைசி ஆட்டம். இந்த ஒரு பாட்டில் எவனையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் போதும், யுத்த நிதிப் போட்டியின் கோப்பை அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும்.

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் கோடு கிழித்திருந்தார்கள். கரையெல்லாம் சனம். தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இருளப்பன் பாடி வந்தால் பிடிக்க ஆள் கிடையாது. முந்தின ஆட்டங்களில், பந்தல்குடியில் ஒருத்தன்கூடப் பிடிக்கவில்லை. பாளையம்பட்டியில் கிட்டவே வரவில்லை. காற்றைக்கூடப் பிடித்துவிடலாம், இவனைப் பிடிக்க முடியாது என்று டிரில் வாத்தியார் ராமசுப்பு எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அந்தப் பேச்சைக் கருப்பட்டித் துண்டு மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தான் அவன்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆஜர் எடுக்கும்போது தவிர அங்கே யாரும் அவன் பேரைச் சொன்னதில்லை. வகுப்பில் ஜன்னலோரம் அவனுக்கு மட்டும் தனிப்பலகை. சாயங்காலம் ரெட்டியபட்டிப் பாதையில் பையன்கள் கூட்டமாகப் போவார்கள். இவன் பின்னால், அவர்கள் சிரிப்பது காதில் விழுகிற தூரத்தில் நடப்பான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே இவனும் சிரித்துக்கொள்வான்.

ஆட்டத்தில் சேர்ந்த பிறகுதான் “இருளா! இருளா!” என்று மற்றவர்கள் வாயிலிருந்து தன் பேரைக் கேட்டான். பதினாலு வயசுக்கு அது போதுமானதாக இருந்தது.

எதிராளி பாடி வரும்போது இவன் அணியில் மற்றவர்கள் கைகோத்து நிற்பார்கள். இவன் மூலையில் தனியாக நிற்பான். பாடப் போகிறவனுக்குக் கை சுளுக்கிவிடக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

எந்த ஊருக்குப் போனாலும், ஆட்டம் தொடங்கும் முன் அவர் எதிரணிப் பையன்களிடம் போவார். இவனைக் கைகாட்டி ஏதோ சொல்லிவிட்டு வருவார். தன் வேகத்தைப் பெருமை பேசிவிட்டு வருகிறார் என்று இருளப்பனுக்கு நெஞ்சு நிமிரும்.

இப்போது அவன் எதிரணித் தலைவன் வீரபத்திரனைக் குறிவைத்தான். எருமைக் கன்று மாதிரி உடம்பு அவனுக்கு. இருளப்பன் இடதுபக்கம் போக்குக் காட்டிவிட்டு வலதுபக்கம் பாய்ந்தான்.

கரிசல் வெடிப்புக்குள் கால் மாட்டிக்கொண்டது.

குப்புற விழுந்தான். முழங்கால் சிராய்த்து எரிந்தது. பாட்டை மட்டும் விடவில்லை. ஆனால் மூச்சு பாதிக்குமேல் போய்விட்டது. கண்ணுக்கு எதிரே, சுற்றிலும், புழுதி படிந்த கால்கள்.

அவ்வளவுதான், மொத்தமாக மேலே விழுந்து அமுக்கப்போகிறார்கள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டான். ஒருவன் கணுக்காலைப் பிடித்தாலே ஆட்டம் முடிந்தது.

ஒரு கைகூட அவன்மேல் விழவில்லை.

ஒரு சின்னப் பையன் மட்டும் பிடிக்கக் குனிந்தான். வீரபத்திரன் அவனுடைய டவுசரைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தான்.

“ஏலே, தொட்டுறாத! இவனத் தொட்டுப்புட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள போவ? அவுக வாத்தியாரே வந்து சொன்னாகல்ல, சேரிப் பயன்னு!”

இருளப்பன் புழுதியில் முகம் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

கிணற்றடியில் அது உண்டு என்று அவனுக்குத் தெரியும். காப்பிக்கடையில் உண்டு. கோயில் தெருவில் உண்டு. இந்தக் கோட்டுக்குள் மட்டும் கிடையாது என்று நம்பியிருந்தான்.

பந்தல்குடியில் அவனை யாரும் துரத்தவில்லை. பாளையம்பட்டியிலும் துரத்தவில்லை. அவன் மட்டும்தான் ஓடியிருக்கிறான், பைத்தியக்காரனைப் போல.

அழுகை வரும் என்று முதலில் நினைத்தான். வரவில்லை.

பாடிக்கொண்டே எழுந்தான். எதிரணிக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். வீரபத்திரன் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில்தான் நின்றான். நடுக்கோடும் பக்கத்திலேயே இருந்தது.

“தொட்டுட்டு ஓடியா இருளா! ஓடியாலே!”

அவனுடைய பள்ளிக்கூடமே கத்தியது. அத்தனை பேர் வாயிலும் அவன் பேர்.

இருளப்பன் பாட்டை நிறுத்தினான்.

வாயை இறுக மூடிக்கொண்டு, எதிரி மண்ணின் நடுவில் நின்றான். அங்கே பாட்டு நின்றால் தோல்வி. கண்மாய்க்கரையில் இருந்த கைப்பிள்ளைக்கும் அது தெரியும். ஊதல் சத்தம் கேட்டது. எதிரணிச் சனம் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தது.

ராமசுப்பு வாத்தியார் கோட்டைத் தாண்டி ஓடிவந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

“கெடுத்தியேடா பாவி! மூச்சை வச்சுக்கிட்டே நிறுத்திட்டியேடா!”

கன்னத்துக்கு நேராகக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை பாதியில் நின்றது. விரல்கள் காற்றில் விரிந்தபடி இருந்தன.

இருளப்பன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவன் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை.

கன்னத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

“அடிங்க சார்.”

குதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்து பார்த்தார்.

வாத்தியார் ஓர் அடி பின்னால் வைத்தார்.

இருளப்பன் ஓர் அடி முன்னால் வைத்தான்.