‘நவ்’ பலகை

சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மின்பலகைக்கு ‘நவ்’, அதாவது ‘இப்போது’ என்று பெயர். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இந்த நொடியில் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும். தகவல் வராதவர்களைப் பழைய வழக்கத்தை வைத்து அதுவே கணித்துக்கொள்ளும்.

முகிலா விபத்தில் இறந்து நாற்பது நாளாகிறது. அவள் பெயரை நீக்கத்தான் அப்பா இசக்கிமுத்து ஸ்டூலில் ஏறினார்.

“முகிலா வேலை முடிந்து கிளம்பிவிட்டாள். வழியில் மழை. அரை மணி தாமதம்” என்றது பலகை.

கீழே அம்மா சொர்ணம் தோசைக்கல் இருந்த அடுப்பை அணைத்தாள்.

“இப்பவே ஊத்துனா ஆறிப்போயிரும். அவ வரட்டுங்க.”

இசக்கிமுத்து அவள் பெயர்மேல் வைத்த விரலை எடுத்துவிட்டு இறங்கினார். மூன்றாவது தட்டையும் அவரே எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துச் சொர்ணத்திடம் கேட்டார்:

“இப்ப எங்க வர்றா, பாரு.”