விளம்பரம் இல்லாத பாட்டு

தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போடும் நதீமுக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் பாட்டு ஓடும் கம்ப்யூட்டரில் பாட்டுக் கம்பெனியின் ஆப்பைத் தூக்கிவிட்டு, தானே எழுதிய பிளேயரை பிரவுசரில் ஓடவிட்டிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி வெள்ளைச்சாமி மட்டும் கல்லாவில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். புடவை செக்‌ஷனிலிருந்து அவர் மனைவி தங்கபுஷ்பம் மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வந்திருச்சா?"

"இன்னும் இல்ல. நீ போய் யாவாரத்தப் பாரு."

ஏதோ பார்சல் போலிருக்கிறது என்று நினைத்த நதீம், கல்லா பக்கம் வந்தான்.

"அண்ணாச்சி, காலையிலேருந்து பாட்டுக்கு நடுவுல ஒரு விளம்பரம்கூட வரல, கவனிச்சீங்களா? எல்லாம் நம்ம கைவேலை!"

வெள்ளைச்சாமி நிமிர்ந்தார்.

"நீதானா அது? அந்த ஆப்காரனுக்கு போன் போட்டு இப்பதான் ஏசிட்டு வச்சேன்!"

"அவனை எதுக்கு அண்ணாச்சி ஏசணும்?"

"நம்ம கடை விளம்பரம் இன்னைக்குத்தான்டா முதல்முதலா அதுல வருது. அதுல பேசினது என் வீட்டுக்காரி. தன் குரலைக் கேக்கணும்னு கடை தொறந்ததுலேருந்து தவிச்சுக்கிட்டு நிக்கா!"

தங்கபுஷ்பம் திரும்பவும் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வந்திருச்சா?"

வெள்ளைச்சாமி நதீமின் தோளைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினார்.

"அது வரல. வரவிடாமப் பண்ணவன் வந்துட்டான்!"