ஆறுதலா

"அசையாதேங்கோ."

அவள் அசையவில்லை.

குனிந்த முதுகு குனிந்தபடியே நின்றது. கையில் உழவாரம். புல் செதுக்கிய இடத்தில், வலது கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு வட்டம் எட்டிப் பார்த்தது. ஊறுகாய்ப் புட்டியின் மூடி அளவு.

மூடி என்று நினைத்துத்தான் அதைப் புரட்டப் போனாள்.

பின்னாலிருந்து வந்தது வதனியின் குரல். இந்த ஊர்க்காரி. கடல் தாண்டி வன்னிக்கு உழவாரப் பணி செய்ய வந்த மதுரைக் குழுவுக்கு, யார் எங்கே புல் செதுக்க வேண்டும் என்று தினமும் சொன்னவள்.

தினமும் முன்வாசல்தான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் இந்த வில்வ மரத்தடிக்கு யாரையும் விடவில்லை. கேட்டால், "பிறகு பாப்பம்."

மூலவருக்கு நெருக்கமான இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள் என்று இவள் நினைத்தாள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று ஊர் திரும்புகிறார்கள். வேன் வருவதற்குள் அந்தப் புண்ணியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று, விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

கண்ணிவெடியெல்லாம் எடுத்து முடித்த இடம் என்றுதான் வரும்போது சொன்னார்கள்.

இரவில் மழை பெய்திருந்தது. மழை மண்ணைக் கரைக்கும். மண்ணில் உள்ளதைக் கரைக்காது.

குழுவினர் மதிலோரம் கூடும் சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லி அழுதார்கள். வதனி அதட்டி அவர்களைத் தெருவுக்கு அனுப்பினாள்.

தான் மட்டும் போகவில்லை.

"தங்கச்சி, திரும்பிப் பாருங்கோ. நீங்க வந்த காலடி தெரியுதோ?"

"தெரியுது."

"அதிலயே கால வைச்சு, ஆறுதலா வாங்கோ."

ஆறுதல் சொல்கிறார்கள் என்றால் முடிந்துவிட்டது என்றுதானே பொருள்.

"ஆறுதல் அப்புறமா சொல்லுங்கக்கா. இப்ப நான் என்ன பண்ணணும்?"

இந்த நேரத்திலும் வதனி சிரித்துவிட்டாள்.

"என்ர பிள்ளை. ஆறுதலா எண்டா மெல்லமா. மெல்லமா வாங்கோ."

இவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் அசையும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு காலை எடுத்தாள்.

தன் தடத்தில் வைத்தாள்.

ஐந்தெழுத்தைச் சொல்லப் பார்த்தாள். முதல் எழுத்துக்கு மேல் நாக்கு நகரவில்லை.

"அது போதும். அவருக்குக் கேக்கும். அடுத்த காலை எடுங்கோ."

எடுத்தாள்.

"எங்கிட்ட ஏங்க்கா முன்னாடியே சொல்லலை?"

"சாமிக்கு வேலை செய்ய வந்த பிள்ளையள். பயந்து பயந்தோ புல்லுப் பிடுங்கிறது?"

தலை நிமிர்த்தவே இல்லை. தன் காலடிகளை மட்டும் பார்த்து வந்தாள். வில்வ மரத்தடி முழுக்க அவள் ஒருத்தியின் தடம்தான். மழைக்குப் பின் வேறு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

முன்வாசல் மண் தொடங்கியது.

அங்கே அவளுடைய தடம் தனியாக இல்லை.

வேறொரு வெறுங்கால் தடம். ஒன்றல்ல. மண் முழுக்க, அடிக்கு அடி நெருக்கமாக, வரிசை வரிசையாக. எங்கோ போகிறவர் நடந்த தடம் போல இல்லை. ஓரிடமும் விடாமல் மிதித்துப் பார்த்தவர் நடந்த தடம். ஒவ்வொன்றிலும் இடது பாதம் சற்று வெளிப்புறம் திரும்பியிருந்தது.

குழுவினர் தினமும் நிற்கும் இடம். குந்தும் இடம். நேற்று மதியம் இலை போட்டுச் சாப்பிட்ட இடம்.

நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கிறியள்? இனிப் பயமில்லை, வாங்கோ."

முதல் முறையாக நிமிர்ந்தாள். கை நீட்டியபடி வதனி நின்றாள். புடவைக் கரை முழுக்கச் சேறு. இரண்டு காலும் கணுக்கால் வரை சேறு. இடது பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தது.

"தினமுமா அக்கா?"

வதனி காதில் விழாதவள் போல் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

அவள் குனிந்து பார்த்து, வெளிப்புறம் திரும்பிய அந்தத் தடம் ஒன்றுக்குள் தன் பாதத்தை வைத்தாள்.